வேகத்தின் வரவுசெலவு

நுழையும்முன்

நகரத்தின் அடியில் ஓடும் தொடர்வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாக வேகம் பெறுகிறது. அடுத்த நிலையத்திற்குள் அவ்வேகம் முழுவதையும் இழக்கிறது. பெற்ற வேகத்தை வீணாக்காமல் காப்பது எப்படி என்னும் வினா, மின்சாரத்தால் ஓடும் சுரங்கத் தொடர்வண்டியோடு சேர்ந்தே பிறந்தது. அவ்வினாவுக்குப் பொறியியல் தந்த விடைகளையும், புதிய வழித்தடங்களை அமைக்கும் நகரங்கள் அவற்றிலிருந்து கொள்ளவேண்டிய பாடத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிற்பதற்காக ஓடும் வண்டி

வெளியூர் செல்லும் விரைவுவண்டிக்கும் நகரத்துச் சுரங்கத் தொடர்வண்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அவை எத்தனை முறை நிற்கின்றன என்பதுதான். விரைவுவண்டி ஒருமுறை வேகம் பெற்றுவிட்டால் பல பத்துக் கிலோமீட்டர் தொலைவை அதே வேகத்தில் கடந்துவிடும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும்போது ஏற்படும் உராய்வு மிகக் குறைவு. ஆகவே, பெற்ற வேகத்தைக் காத்துக்கொள்ள அதற்குச் சிறிதளவு ஆற்றலே போதும். சுரங்கத் தொடர்வண்டிக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் அதன் வழியில் வந்துவிடுகிறது. புறப்பட்ட அரை நிமிடத்திற்குள் அது வேகம் பெற வேண்டும். அடுத்த அரை நிமிடத்தில் அவ்வேகத்தைத் துறக்கத் தொடங்க வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பயணிகளோடு சேர்த்து 250 டன் எடையுள்ள ஒரு வண்டி, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். இயற்பியல் பாடத்தில் நாம் படித்த சமன்பாட்டின்படி அதன் இயக்க ஆற்றல் 5 கோடி ஜூல் ஆகும். வீட்டு மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால், ஏறத்தாழ 14 யூனிட். 1000 வாட் சலவைப் பெட்டியை 14 மணிநேரம் தொடர்ந்து சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. வண்டி அதனை 20 விநாடிகளில் பெறுகிறது. அடுத்த நிலையத்தில் இன்னும் 20 விநாடிகளில் இழக்கிறது. 20 இடைவெளிகளைக் கொண்ட ஒரு வழித்தடத்தை ஒருமுறை கடப்பதற்குள் 280 யூனிட் இவ்வாறு கைமாறுகிறது. ஒரு நாளில் இத்தகைய பயணங்கள் நூற்றுக்கணக்கில் நிகழ்கின்றன.

வேகத்தை இதைவிட விரைந்து பெறவும் இயலாது. சுரங்கத் தொடர்வண்டியில் பெரும்பாலோர் நின்றுகொண்டே பயணம் செய்கின்றனர். முதியவரும் கைக்குழந்தையை ஏந்திய தாயும் நிலைதடுமாறாமல் நிற்க வேண்டுமானால், முடுக்கம் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் என்னும் அளவை ஒட்டியே இருக்க வேண்டும். அம்முடுக்கமும் திடீரெனத் தொடங்காமல் படிப்படியாக வளர வேண்டும். எனவே, வண்டியின் ஆற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளுள் மனித உடலின் சமநிலையும் ஒன்றாகிறது.

புதிய வழித்தடம் ஒன்று திறக்கப்படும்போது அதன் நீளத்தையும் வண்டியின் உச்ச வேகத்தையும் நாளிதழ்கள் தலைப்பில் இடுகின்றன. நாமும் அவற்றைப் படித்துப் பெருமை கொள்கிறோம். ஆனால், ஒரு சுரங்கத் தொடர்வண்டியின் தரத்தை அது எட்டும் வேகத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. எட்டிய வேகத்தை நிறுத்தும்போது அது என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு பொறியாளர்களுக்கு மட்டுமன்றிப் பயணிகளாகிய நமக்கும் உண்டு என்பதே என் கருத்து.

வெப்பமாகிப் போன வேகம்

உலகின் முதல் சுரங்கத் தொடர்வண்டி 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஓடத் தொடங்கியது. அதனை இழுத்தது நீராவி என்ஜின். புகை சூழ்ந்த அப்பாதைகளைக் காட்டிலும் ஆழமாகத் தோண்டுவதற்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1890ஆம் ஆண்டில் அதே நகரில் ஆழ்சுரங்க மின்தொடர்வண்டி ஓடியது. 1897ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியாளர் மற்றொரு திருப்பத்தை உண்டாக்கினார். முன்னால் ஓர் என்ஜின், பின்னால் இழுபடும் பெட்டிகள் என்ற பழைய முறையை அவர் மாற்றினார். பெட்டிகளிலேயே மின்னோடிகளைப் பொருத்தி, அவை அனைத்தையும் ஒரே ஓட்டுநர் ஒரே இடத்திலிருந்து இயக்கும் வழியைக் கண்டார். உந்துவிசை பல சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதால், சக்கரங்கள் வழுக்காமல் வண்டி விரைந்து வேகம் பெற்றது. இன்றைய நகரத் தொடர்வண்டிகள் யாவும் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்களே.

எனினும், அக்காலத்து வண்டிகள் ஆற்றலை இருமுறை வீணாக்கின. முதல் இழப்பு புறப்படும்போது நேர்ந்தது. சுழலும் மின்னோடி, தனக்குள் வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் ஒரு மின்னியக்கு விசையைத் தானே உண்டாக்கும். நின்றிருக்கும் மின்னோடியிலோ அவ்வெதிர்ப்பு இல்லை. அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் அதற்குக் கொடுத்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து கம்பிச் சுருள்கள் கருகிவிடும். இதைத் தவிர்ப்பதற்காக வழியில் மின்தடைகளை இணைத்தனர். ஓட்டுநர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்ப, மின்தடைகள் ஒவ்வொன்றாக விலகின. மின்னோடிகளை முதலில் தொடராகவும் பின்னர் இணையாகவும் இணைத்ததனால் இழப்பு ஓரளவு குறைந்தது. ஆயினும், வண்டியை நகர்த்தியிருக்க வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி, பெட்டியின் அடியிலிருந்த அம்மின்தடைகளைச் சூடாக்கியே தீர்ந்தது.

இரண்டாம் இழப்பு நிற்கும்போது நேர்ந்தது. இரும்புக் கட்டைகள் சக்கரத்தை அழுத்தின. உராய்வு வண்டியை நிறுத்தியது. அரும்பாடுபட்டுப் பெற்ற இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகவும் இரும்புத் தூளாகவும் மாறிச் சுரங்கத்திலேயே தங்கியது.

திறந்தவெளியில் இவ்வெப்பம் காற்றோடு கலந்து மறைந்துவிடும். சுரங்கத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. இலண்டனின் ஆழ்சுரங்கங்களைச் சூழ்ந்திருக்கும் களிமண், அவை தோண்டப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக வண்டிகள் விட்டுச்சென்ற வெப்பத்தை உறிஞ்சி உறிஞ்சி, இன்று பல இடங்களில் அது 20 பாகையைத் தாண்டிவிட்டது. கோடைக்காலத்தில் அச்சுரங்கங்களில் பயணம் செய்வோர் படும் துன்பத்திற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தலைமுறை வீணாக்கிய ஆற்றல், மண்ணில் தங்கி, பின்வந்த தலைமுறைகளை வாட்டுகிறது. ஆற்றல் அழிவதில்லை என்னும் விதியை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேண்டியதில்லை.

மேட்டில் அமைந்த நிலையம்

ஆற்றலைக் காக்கும் வழிகளுள் மிகப் பழையதும் மிக எளியதும் மண்ணிலேயே இருந்தது. 1900ஆம் ஆண்டில் இலண்டனில் திறக்கப்பட்ட மத்திய இலண்டன் தொடர்வண்டிப் பாதையை வடிவமைத்தோர், நிலையங்களைச் சுரங்கப் பாதையின் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் அமைத்தனர். நிலையத்தை நெருங்கும் பாதை 60 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் அளவில் ஏறும். நிலையத்தைவிட்டு நீங்கும் பாதை 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் அளவில் இறங்கும். நிற்க வரும் வண்டி மேடேறுவதால் தானே வேகம் குறையும். புறப்படும் வண்டி சரிவில் இறங்குவதால் தானே வேகம் பெறும்.

இக்கருத்து நம் உழவர்களுக்குப் புதியதன்று. கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கமலை பூட்டியவர்கள், மாடுகள் நடக்கும் பாதையைச் சரிவாகவே அமைத்தார்கள். நீர் நிறைந்த சால் மேலே வரும்போது மாடுகள் சரிவில் இறங்கும். அவற்றின் உடல் எடையே பளுவை இழுக்கத் துணைநிற்கும். சால் வெறுமையாகக் கீழே செல்லும்போது அவை பின்னோக்கி மேடேறும். எப்போது வலிமை தேவையோ அப்போது புவியீர்ப்பைத் துணைக்கு அழைப்பதும், தேவையற்ற நேரத்தில் அதற்குரிய உயரத்தைத் திருப்பித் தருவதுமே கமலையின் நுட்பம். மேட்டு நிலையத்தின் நுட்பமும் அதுவே.

இதன் பயன் சிறிதா, பெரிதா? மேடு 3 மீட்டர் உயரம் உடையது என்று கொள்வோம். 250 டன் வண்டி அவ்வளவு உயரம் ஏறும்போது ஏறத்தாழ 2 யூனிட் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. முன்னர்க் கண்ட 14 யூனிட்டில் இது ஏழில் ஒரு பங்கு. புறப்படும்போது அப்பங்கு திரும்பக் கிடைக்கிறது. மின்னோடியின் உதவி சிறிதும் இன்றி, அச்சரிவு மட்டுமே வண்டிக்கு மணிக்கு 27 கிலோமீட்டர் அளவுக்கு வேகத்தைத் தரவல்லது. இதில் பழுதுபடும் கருவி எதுவும் இல்லை. மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. மேலும், நிலையம் மேலே இருப்பதனால் பயணிகள் ஏறி இறங்கவேண்டிய ஆழமும் குறைகிறது.

1968ஆம் ஆண்டில் இலண்டனின் விக்டோரியா வழித்தடம் திறக்கப்பட்டபோது, வண்டிகளைத் தானியங்கிக் கருவிகளே ஓட்டின. அத்துணைப் புதுமையான வழித்தடத்திலும் நிலையங்கள் பழைய முறைப்படி மேட்டிலேயே அமைக்கப்பட்டன. புதிய கருவி வந்ததனால் பழைய அறிவைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அப்பொறியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

எல்லா இடங்களிலும் இவ்வழி ஒத்துவராது என்பது உண்மை. ஆற்றுப்படுகையின் கீழும், பழைய கட்டடங்களின் அடித்தளத்திற்கு இடையிலும், கடினப் பாறையிலும் பாதையின் மட்டத்தை விரும்பியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் இயலாது. ஆனால், இயலும் இடங்களிலேனும் இது முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். மின்னோடியைப் பிற்காலத்தில் மாற்றலாம். கால அட்டவணையை நாளையே மாற்றலாம். தோண்டி முடித்த சுரங்கத்தின் மட்டத்தை ஒருபோதும் மாற்ற இயலாது.

மின்னோடியே மின்னாக்கி

இரண்டாம் விடை மின்னியலில் இருந்து வந்தது. மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மின்னோடி; சுழற்றினால் மின்சாரம் தருவது மின்னாக்கி. அடிப்படையில் இரண்டும் ஒன்றே. ஓடும் வண்டிக்கு மின்சாரம் கொடுப்பதை நிறுத்தி, சக்கரங்களின் சுழற்சியைக் கொண்டே மின்னோடியை மின்னாக்கியாக இயக்கினால், வண்டியின் வேகம் குறையும்; குறைந்த வேகம் மின்சாரமாக வெளிவரும். பிரேக் பிடிக்கும் செயலே மின்னுற்பத்தியாகிறது. இதனை மீளாக்கத் தடுப்பு எனலாம்.

கருத்து பழையதே எனினும், அது எங்கும் பரவுவதற்குக் குறைக்கடத்திக் கருவிகளின் வளர்ச்சி தேவைப்பட்டது. இன்றைய வண்டிகளில் மின்தடைகளின் இடத்தில் இன்வெர்ட்டர்கள் அமர்ந்துள்ளன. அவை ஒரு விநாடிக்குள் பலநூறு முறை மின்னோட்டத்தைத் துண்டித்தும் இணைத்தும், மின்னோடிக்குத் தேவையான மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்குகின்றன. அதிர்வெண் மெல்ல உயர உயர, தூண்டல் மின்னோடியின் சுழற்சியும் மெல்ல உயர்கிறது. பல வண்டிகள் புறப்படும்போது தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் ஓர் ஒலியை நாம் கேட்கிறோம். வண்டி தன் ஆற்றலை அளந்து அளந்து செலவிடும் ஓசை அது. நிற்கும்போது அதே கருவிகள் எதிர்த்திசையில் பணிபுரிந்து மின்சாரத்தை மின்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தில்லி மெட்ரோ. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பட்ட அது, 2004 முதல் 2007 வரையிலான காலத்தில் மீளாக்கத் தடுப்பின் வாயிலாக 11.25 கோடி யூனிட் மின்சாரத்தைத் திரும்பப் பெற்றது. அதனால் 90,000 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு காற்றில் கலப்பது தவிர்க்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் தூய வளர்ச்சிச் செயல்முறையின்கீழ், உலகத் தொடர்வண்டித் துறையிலேயே முதல் திட்டமாக இது 2007ஆம் ஆண்டில் பதிவு பெற்றது. வளர்ந்த நாடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டே இருந்த ஒரு துறையில், பிறர் கற்கத்தக்க ஒன்றை நாம் செய்துகாட்டினோம்.

ஆயினும், மீட்ட மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். பல நகரங்களில் தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் மூன்றாம் தண்டவாளத்தின் வழியே நேர்திசை மின்சாரம் வழங்கப்படுகிறது. அங்கே ஒரு வண்டி நிற்கும் அதே நேரத்தில், அருகில் மற்றொரு வண்டி புறப்பட்டால்தான் மீட்ட ஆற்றலுக்குப் பயன் உண்டு. அவ்வாறு எவ்வண்டியும் இல்லையெனில், அந்த மின்சாரம் மீண்டும் மின்தடைகளிலேயே எரிந்து தீரும். இக்குறையை நீக்க, துணைமின் நிலையங்களில் மின்கலங்களையும் தனிக்கருவிகளையும் அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2015ஆம் ஆண்டில் விக்டோரியா வழித்தடத்தில் நடந்த அத்தகைய ஒரு சோதனையில், ஹோல்பர்ன் போன்ற ஒரு பெரிய நிலையத்தை வாரத்தில் இரண்டு நாள்களுக்கும் மேலாக இயக்கப் போதுமான ஆற்றல் கிடைத்தது.

2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ, தில்லியைப் போன்றே 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை மேல்நிலைக் கம்பியின் வழியே பெறுகிறது. இம்முறையில், மீட்ட மின்சாரத்தை அருகிலுள்ள வண்டி பெறாவிட்டாலும் அது மின்கட்டமைப்புக்கே திரும்பிச் செல்ல வழியுண்டு. நல்ல அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. அதன்மேல் எதைக் கட்டப்போகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா.

சில விநாடிகளின் விலை

மூன்றாம் விடைக்குத் தோண்டுதலும் வேண்டாம், புதிய கருவியும் வேண்டாம். சிறிது பொறுமை போதும். மிதிவண்டி ஓட்டுபவர் தெருமுனை வரைக்கும் முழு வலிமையோடு மிதித்துவிட்டு, அங்கே சட்டென்று பிரேக்கை அழுத்துவதில்லை. சற்று முன்னரே மிதிப்பதை நிறுத்தி, வண்டியை அதன்போக்கில் உருளவிடுகிறார். தொடர்வண்டியும் அவ்வாறே செய்யலாம். உரிய வேகம் பெற்றதும் மின்சாரத்தை நிறுத்தி, நிலையத்தை நெருங்கும்வரை உருளவிடலாம். உராய்வு குறைந்த தண்டவாளத்தில் அது வெகுதொலைவு உருளும்.

உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்தால் என்னவாகும் என்பதையும் கணக்கிடுவோம். நிலையங்களுக்கு இடையே 1 கிலோமீட்டர் தொலைவு. முடுக்கமும் எதிர்முடுக்கமும் விநாடிக்கு விநாடி 1 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கும் வண்டி இத்தொலைவை 67 விநாடிகளில் கடக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும் வண்டிக்கு 77 விநாடிகள் ஆகும். வேறுபாடு ஏறத்தாழ 10 விநாடிகளே. ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இரண்டாம் வண்டிக்குத் தேவையான இயக்க ஆற்றல் 44 விழுக்காடு குறைவு. 20 இடைவெளிகளைக் கடக்கும் பயணி இழப்பது 3 நிமிடங்களுக்குச் சற்று அதிகம்.

இதற்கு மறுப்பு எழும் என்பதை அறிவேன். காலையில் பணிக்கு விரையும் ஒருவருக்கு 3 நிமிடம் சிறிதன்று. அடுத்த பேருந்தைத் தவறவிட்டால் அது அரைமணியாக நீளும். வண்டிகள் மெதுவாக ஓடினால் அதே எண்ணிக்கையிலான பயணிகளைச் சுமக்கக் கூடுதல் வண்டிகள் தேவைப்படும். மீளாக்கத் தடுப்பு உள்ள வண்டியில் ஆற்றலின் ஒரு பகுதி ஏற்கெனவே மீட்கப்படுவதால், உண்மையான சேமிப்பு மேற்கண்ட அளவைவிடக் குறையும். இம்மூன்றும் நியாயமான மறுப்புகளே. எனவே, நாள் முழுவதும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நெரிசல் மிகுந்த காலையிலும் மாலையிலும் வண்டிகள் முழு வேகத்தில் ஓடட்டும். நண்பகலிலும் பின்னிரவிலும், இருக்கைகள் வெறுமையாக இருக்கும் வேளையில், அதே அவசரம் எதற்கு? தானியங்கிக் கருவிகள் ஓட்டும் வண்டிகளில் நேரத்திற்கு ஏற்ப வேகத்தை மாற்றுவது கடினமான செயலன்று. விக்டோரியா வழித்தடத்தின் முதல் வண்டிகளுக்கே, எங்கே மின்சாரத்தை நிறுத்தி உருள வேண்டும் என்பதைப் பாதையோரக் குறிகள் அறிவித்தன.

மகிழுந்தைவிடவும் இருசக்கர வண்டியைவிடவும் மெட்ரோ சிக்கனமானதுதானே, இன்னும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது உண்ணும் மின்சாரத்தில் ஒரு பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. மெட்ரோவை இயக்கும் செலவில் மின்கட்டணம் ஒரு பெரும்பகுதி. அச்செலவு ஏறினால் பயணச்சீட்டின் விலையும் ஏறும். விலை ஏறினால், கட்டடப் பணிக்குச் செல்லும் பெண்ணும், கடையில் வேலைபார்க்கும் இளைஞரும், கல்லூரி மாணவரும் நிலையத்தின் வாசலிலிருந்தே திரும்பிவிடுவர். பளபளக்கும் நிலையங்களைக் கட்டிவிட்டு, அவற்றில் ஏழைகள் நுழைய இயலாதவாறு விலை வைப்பது எந்த நகரத்திற்கும் அழகன்று. ஆற்றல் சிக்கனம் சுற்றுச்சூழலுக்கு உரிய செய்தி மட்டுமன்று. யார் பயணம் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் செய்தியும் ஆகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

வேகத்தை மேட்டில் சேர்த்துவைக்கலாம், மின்சாரமாக மீட்கலாம், தேவைக்கு மேல் பெறாமலே இருக்கலாம். இம்மூன்று வழிகளும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஆனால், இவற்றைப் பற்றி முடிவெடுக்கும் காலம் ஒன்றன்று. முதலாவது, சுரங்கம் தோண்டுவதற்கு முன் எடுக்கவேண்டிய முடிவு. இரண்டாவது, வண்டிகளையும் மின்வழங்கலையும் தேர்ந்தெடுக்கும்போது எடுக்கவேண்டிய முடிவு. மூன்றாவது, நாள்தோறும் கால அட்டவணையில் எடுக்கத்தக்க முடிவு. முதல் முடிவைத் தவறவிட்ட நகரம் அதன் விலையை நூறாண்டுகளுக்குச் செலுத்தும்.

சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் நடைபெறுகின்றன. இந்தியாவின் வேறு பல நகரங்களிலும் புதிய வழித்தடங்களுக்கான வரைபடங்கள் உருவாகின்றன. இத்திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எத்தனை கிலோமீட்டர், எப்போது திறப்பு, எவ்வளவு வேகம் என்னும் மூன்று வினாக்களையே நாம் எழுப்புகிறோம். இனி மேலும் இரண்டு வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல எவ்வளவு மின்சாரம் செலவாகிறது? அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது? மெட்ரோ நிறுவனங்கள் இவ்விரு எண்களையும் மாதந்தோறும் ஒவ்வொரு நிலையத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டின் மின்கட்டண அட்டையை உற்றுப்பார்க்கும் மக்கள், தாங்கள் பயணம் செய்யும் வண்டியின் மின்கணக்கையும் உற்றுப்பார்ப்பர். மக்கள் பார்க்கும் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள நிறுவனங்களும் முனையும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆற்றுநீர் தீர்ந்துவிடும் என்னும் அச்சத்தால் எழுந்த மொழியன்று அது. கொடுப்பதன் அளவையும் பெறுவதன் அளவையும் அறிந்திருக்க வேண்டும் என்னும் பழக்கத்தால் எழுந்தது. அடுத்தமுறை மெட்ரோவில் செல்லும்போது, நிலையத்தை நெருங்குகையில் வண்டியின் வேகம் குறைவதைக் கூர்ந்து கவனியுங்கள். அந்த இருபது விநாடிகளில் 14 யூனிட் ஆற்றல் எங்கோ போகிறது. சுரங்கத்தின் மண்ணைச் சூடாக்கப் போகிறதா, எதிரே புறப்படும் வண்டியை நகர்த்தப் போகிறதா என்று கேட்டுப்பாருங்கள். விடை தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேளுங்கள். பொதுப் பணத்தில் ஓடும் வண்டியைப் பற்றிக் கேட்கும் உரிமை, பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.